துணி தொவைக்கிற கல்லு

இந்த வண்டி வேலாங்காட்டுப் பிரிவுல நிக்குமுங்களா கண்ணு? நிக்குமா. செரி. நிக்கும்னு எனக்கும் தெரியுமுங்க, எத்தனையோ வருசமா ஏறி எறங்கற எடம். சும்மா கேட்டேன். புதுசா உட்ருக்கற வண்டி சிலது நிக்காமப் போயிருது பாருங்க, அதுக்குத்தான்.

இந்தப் பாட்டல் மூடியைச் சித்தெ தொறந்து குடுங்க. ஒரு கைல ஆகமாட்டீங்குது. புண்ணியமாப் போகுது உங்களுக்கு.

இதுங்களா? மாவுக்கட்டு. துணி தொவைக்கிற கல்லுல வழுக்கி உழுந்துட்டேன். பாசி புடிச்ச கல்லுங்க. வயசும் ஆச்சு. கட்டுப் போட்டவங்க கொஞ்சம் இறுக்கிப் போட்டுட்டாங்க, வெரலெல்லாம் பொதபொதன்னு ஆயிருச்சு. போகப்போகச் செரியாயிரும்.

கோர்ட்டுல இருந்து வர்றனுங்க. பயந்துக்காதீங்க, நான் ஒரு தப்பும் பண்ணலை. எம்பட பையனுக்குச் சாட்சி சொல்லப் போனேன். மருமவ டைவர்ஸ் கேட்டுக் கேஸ் போட்டிருக்கறா. டைவர்ஸ் மட்டும் கேட்டிருந்தாப் பரவால்லீங்க. புருசன் அடிக்கறான், உசுருக்குப் பயமா இருக்குது, பாதுகாப்பு வேணும்னு அதையும் சேத்திப் போட்டிருக்கறா. எம்பட பையங்கிட்ட இருந்து பாதுகாப்பாம். கேக்கறதுக்கே எப்பிடி இருக்குது பாருங்க.

அவன் பேரு லோகநாதன். காங்கயம் பக்கம் தேங்காக் களம் வச்சிருக்கறான். தேங்காயை ஒடச்சுக் காயப்போட்டுப் பருப்பு எடுக்கற களமுங்க. ஆளுங்க எத்தனை பேரு வேலை செய்யறாங்க தெரியுமுங்களா? ஒருத்தரையாச்சும் கை நீட்டியிருப்பான்னு சொல்லச் சொல்லுங்க பாப்பம். 'தம்பி தங்கம்'னுதான் சொல்லுவாங்க. கோயில் கமிட்டில அவன்தான் பொருளாளரு. வெளிய ஒரு கெட்ட பேரு கெடையாது. ஊட்டுக்குள்ளதான் சித்தெ கோவம் வரும். அது அவங்கய்யன் கொணம். எங்க ஊட்டுக்காரரும் அப்பிடித்தான் இருந்தாரு, போய்ச் சேந்துட்டாரு.

மருமவ பேரு வினோதினி. நல்ல எடம், அவிங்கய்யன் வாத்தியாரு. கலியாணத்துக்குக் கட்டலு, பீரோ, வாஷிங் மெஷினு, ஒரு கொறையுமில்லாமத்தான் அனுப்பி வச்சாங்க. புள்ளையும் நல்ல புள்ளைதானுங்க. பொய் சொல்லக் கூடாது. காத்தால எந்திரிச்சு வாசல் தெளிப்பா, என்னைய 'அத்தே அத்தே'ன்னு சுத்திச் சுத்தி வருவா. எம்பட காலுக்கு வெளக்கெண்ணெய் தேச்சுவிடுவா. எனக்குப் பொட்டப்புள்ள இல்லாத கொறை தெரியாம இருந்துச்சு.

ஒரே ஒரு கொறைதான். அவனுக்கு எப்பிடிப் பதில் சொல்லோணும்னு அவளுக்குத் தெரியலை.

எங்கடி போயிருந்தேன்னு கேப்பான். கடைக்குன்னு சொன்னா, எந்தக் கடைக்குன்னு கேப்பான். அந்தக் கடைக்குன்னு சொன்னா, அங்க யாரு இருந்தான்னு கேப்பான். இவ யாரும் இல்லீங்கன்னு சொல்லுவா. யாருமே இல்லாத கடை எங்கடி இருக்குதுன்னு அதுக்கும் ஒண்ணு கேப்பான். அப்ப கம்முனு இருக்கோணுமுல்லீங்க? இவ இருக்கமாட்டா. நெசத்தைச் சொன்னா உட்ருவான்னு நெனச்சு நெசத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லீட்டு இருப்பா. படிச்ச புள்ளைங்களுக்கு அதுதான் தெரியறதில்லை.

நான் சொல்லிக் குடுத்தனுங்க. உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தேன். அவன் கேக்கறப்பத் தரையப் பாரு அம்மிணி, மொகத்தைப் பாக்காத. கதவுப் பக்கம் நிக்காத, ஓடப்போறேன்னு நெனச்சுக்குவான். பீரோப் பக்கம் நிக்காத, கண்ணாடி ஒடைஞ்சா மேலெல்லாம் கிழிச்சுப் போடும். கையை மட்டும் பின்னால வச்சுக்காத, புடிக்கறதுக்கு வாட்டமாப் போயிரும். இத்தனையும் சொல்லிக் குடுத்தேன். எந்த மாமியாக்காரி மருமவளுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுப்பா, நீங்களே சொல்லுங்க.

அவ என்னையவே பாத்துட்டு இருந்தா. "இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும் அத்தே?"ன்னு கேட்டா. கேக்கறதுக்கு ஒரு நாயம் வேண்டாமா? எந்திரிச்சு வந்துட்டேன்.

சத்தம் வர்றப்ப நான் டிவியைச் சித்தெ எச்சு வச்சுருவேன். வாசக்கதவைச் சாத்தீருவேன். தெருவுல போறவங்க காதுல உழுகக்கூடாதுல்லீங்க. நாளைக்கு அவதான வெளிய தலைகாட்டோணும். அவ மானத்துக்குந்தான் பாத்தேன். அதையும் கேசுல எழுதியிருக்கறா. 'மாமியார் கதவைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தை அதிகப்படுத்துவார்'னு. வக்கீல் படிச்சுக் காட்டுனாரு. எனக்குச் சுருக்குன்னு போச்சு. நல்லதுக்குச் செஞ்சதை எப்பிடி எழுதியிருக்கறா பாருங்க.

போன தை மாசம் அவளுக்குக் கை ஒடிஞ்சுது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டரு எப்பிடி ஆச்சுன்னு கேட்டாரு. இவ வாயே தொறக்கலை. கல்லுல வழுக்கி உழுந்துட்டாங்கன்னு நான் சொன்னேன். டாக்டரு அவளைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, எழுதிக்கிட்டாரு. திரும்பி வர்றப்ப ஆட்டோவுல எந்தோள்ல சாஞ்சுக்கிட்டா. அழுகையே இல்லீங்க. நானும் தலையைத் தடவிக் குடுத்தேன். அப்பறம் எல்லாம் செரியாயிருச்சுன்னுதான் நெனச்சேன். அவனும் கொஞ்ச நாளு கம்முனு இருந்தான். அவளுக்கு மல்லியப்பூவெல்லாம் வாங்கியாந்தான்.

மாரியாத்தா நோம்பி வந்துச்சு. ஊடு நெறைய ஒறம்பரைங்க. எம்பட நாத்தனாரு, கொளுந்தனாரு, அவிங்க புள்ளைங்கன்னு ஒரே கூட்டம். வினோதினி புதுப் பொடவை கட்டிட்டு மாவெளக்குத் தட்டை எடுத்துட்டுப் பொம்பளைங்களோட கோயிலுக்குப் போனா. பாக்கறதுக்கு அத்தனை லட்சணம். சாமிகிட்டத் தட்டை வச்சா, கும்புட்டா, சுத்தி வந்தா. சுத்தி வந்தவ அப்பிடியே கோயிலுக்குப் பின்னால எறங்கி, சோளக்காட்டு வழியாப் போயி ரோட்டுல பஸ் ஏறிட்டா. வெறுங்கையோட. செருப்புக்கூட இல்லாம.

அவ்வளவு சனத்துல யாருக்குந் தெரியலீங்க. மாவெளக்கு பாட்டுக்கு எரிஞ்சுட்டு இருக்குது. அவளைக் காணோம். ஒறம்பரை முன்னால எனக்கு எப்பிடி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. எங்கியாச்சும் போறதுன்னா ஊட்டுல சொல்லீட்டுப் போகலாமுல்ல?

இல்லீங்க, சொன்னா உட்ருக்கமாட்டான்தான். அது வேற.

அவிங்கய்யன் ஊட்டுக்குத்தான் போயிருப்பான்னு இவன் கார் எடுத்துட்டுப் போனான். அங்க இல்லை. போனா அங்க வருவான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க. நேரா கலெக்டர் ஆபீசுக்குப் போயி, பொம்பளைங்களுக்குன்னு ஒரு ஆபீசரம்மா இருக்கறாங்களாம், அவிங்களைப் பாத்திருக்கறா. அந்தம்மா அவளை ஒரு ஹாஸ்டல்ல சேத்திவிட்டு, கேஸ் போடறதுக்கு வக்கீலும் ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டாங்க. இப்பக் கம்பெனில எங்கியோ கணக்கு எழுதறாளாம்.

ஆடி மாசம் கோர்ட்டுல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. இவன் அவ தங்கியிருக்கற எடத்துக்குப் போகக்கூடாது. வேலை செய்யற எடத்துக்குப் போகக்கூடாது. போன்ல கூப்புடக்கூடாது, ஆள் உட்டும் பேசக்கூடாது. மீறுனா ஜெயிலு. படிச்சுட்டு இவன் மூஞ்சி எப்பிடிப் போச்சுங்கறீங்க! களத்துல அத்தனை பேரு முன்னால வந்து குடுத்துட்டுப் போயிட்டாங்க.

இவன் மீறலை. அதுல ரொம்பச் சுதாரிப்பு. ஒரு தரங்கூட அந்தப் பக்கம் போகலை. அவளைச் சுத்திக் கோர்ட்டே ஒரு செவுரு கட்டிக் குடுத்துருச்சு. செரி, அவ தப்பிச்சுட்டா. இவன் பாவம், கோவத்தை எங்க கொண்டுட்டுப் போவான்? எங்கியாச்சும் எறக்கி வைக்கோணுமுல்லீங்க?

ஊட்டுல நானும் அவனுந்தான்.

ஒண்ணுமில்லீங்க, கேள்விதான் கேப்பான். அவ போறான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா? செருப்பை உட்டுட்டுப் போயிருக்கறாளே, வேற செருப்பு வாங்கிக் குடுத்தது யாரு? பஸ்சுக்குக் காசு யாரு குடுத்தா? எனக்குத் தெரியாதுடா சாமின்னு சொல்லுவேன். மறுக்கா கேப்பான். தெரியாதுடான்னு மறுக்கா சொல்லுவேன். எனக்குமே அப்ப மறந்துபோச்சு பாருங்க, கம்முனு இருக்கோணும்னு. நானே சொல்லிக் குடுத்தது எனக்கே மறந்துபோச்சு.

பொரட்டாசில ஒரு நாளு சோறு போட்டுட்டு இருந்தேன். கொழம்பு ஆறிப் போயிருச்சு. தட்டை வைக்கறப்பக் கையைப் புடிச்சான். சும்மாதான் புடிச்சான். நான் வெடுக்குன்னு இழுத்துட்டேன். இழுத்தது என் தப்புத்தான். இழுக்காம இருந்திருந்தா…

இல்லீங்க, அது வேற நாளு. கை ஒடிஞ்சது கல்லுலதான். நான் என்னமோ ஒளறிட்டு இருக்கறேன். இந்த டிரைவரு பள்ளம் மேடு பாக்காம ஓட்டறான், ரோசனை கலைஞ்சு போகுது.

இன்னிக்குக் காத்தால கார்லதான் கூட்டிட்டுப் போனான். பட்டுச்சீலை கட்டச் சொன்னான். வக்கீல் என்ன என்ன கேப்பாங்கன்னு எல்லாம் சொல்லிக் குடுத்திருந்தாரு. எங்க வக்கீல் நல்ல மனுசன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா, எச்சாப் பேசாதீங்க"ன்னாரு. பழைய காலத்துல இந்த மாதிரி கேசுன்னா சேந்து வாழும்மான்னு அட்வைஸ் பண்ணி அனுப்பிச்சு வச்சுருவாங்களாம். இப்பச் சட்டம் மாறிப்போச்சாம். ஊட்டுக்குள்ள நடக்கறதையெல்லாம் கோர்ட்டு கேக்குதாம். அடிதான்னு இல்லை, காசு குடுக்காம வச்சிருக்கறது, வெளிய உடாம வச்சிருக்கறது, அசிங்கமாப் பேசறது, அதெல்லாமே கொடுமையில சேந்துருமாம். நான் கேட்டுட்டுச் சிரிச்சுட்டேன். அப்பிடிப் பாத்தா எந்த ஊடு மிஞ்சுமுங்க?

கூண்டுல ஏத்துனாங்க. சத்தியம் வாங்குனாங்க. நீதிபதியும் பொம்பளைதான். தலை நரைச்சு, கண்ணாடி போட்டுட்டு, பாக்கறதுக்கு மருவாதையா இருந்தாங்க. வினோதினிக்கு ஒரு சின்னப்புள்ள வக்கீலு. கருப்புக் கோட்டு போட்டாப் பள்ளிக்கூடத்து நாடகத்துல வர்ற புள்ளையாட்ட இருந்தா. ஆனாக் கேள்வி வெட்டு வெட்டுன்னு வருது.

"அம்மா, வினோதினிக்குக் கை எப்படி ஒடஞ்சுது?"

"துணி தொவைக்கிற கல்லுல வழுக்கி உழுந்துட்டாளுங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

"உங்க மகன் அப்ப எங்க இருந்தாரு?"

"களத்துல இருந்தானுங்க."

எல்லாம் வக்கீல் சொல்லிக் குடுத்த மாதிரியே சொல்லிட்டேன். ஒரு எடத்துலயும் தடுக்கலை. அந்தப் புள்ளைக்கு மேல கேக்கறதுக்கு ஒண்ணுமில்லை. உக்காந்துட்டா. நான் சொன்னதையெல்லாம் டைப் பண்ணி ஒரு ஆளு கையெழுத்துக்குக் கொண்டாந்தாரு. கையெழுத்துப் போட முடியாதுங்க, வேணும்னா எடது கைல ரேகை வைக்கறனுங்கன்னு சொன்னேன். அப்பத்தான் அந்த நீதிபதியம்மா நிமுந்து பாத்தாங்க. அதுவரைக்கும் பட்டுச்சீலை முந்தானையக் கட்டுமேல போட்டிருந்தனுங்க, தெரியலை.

"கைக்கு என்னம்மா ஆச்சு?"ன்னு கேட்டாங்க. சும்மா, அக்கறையாத்தான் கேட்டாங்க.

நானும் சொன்னேன். "துணி தொவைக்கிற கல்லுல வழுக்கி உழுந்துட்டனுங்க."

எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க கண்ணு. டைப் அடிக்கற ஆளுகூட நிறுத்திட்டான். நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்னு எனக்கு ஒண்ணும் புரியலை.

"எந்தக் கல்லுல?"

"எங்கூட்டுக்குப் பின்னால பொடக்காளில இருக்கற கல்லுங்க. பாசி புடிச்சது."

"உங்க மருமக விழுந்த அதே கல்லா?"

"எங்கூட்டுல ஒரே கல்லுதானுங்களே."

பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. என்னையவே பாத்தாங்க. அப்பறம் ரொம்ப மெல்லக் கேட்டாங்க, "வீட்டுல வாஷிங் மெஷின் இருக்காம்மா?"

"இருக்குதுங்க. மருமவ கொண்டாந்தது. நல்லா ஓடுது."

"அப்ப அந்தக் கல்லுல யாரு துணி துவைக்கறா?"

வக்கீல் இதைச் சொல்லிக் குடுக்கலீங்க. நான் எங்க வக்கீலைப் பாத்தேன். அவரு தரையப் பாத்துட்டு இருக்கறாரு. சத்தியம் பண்ணிட்டு நிக்கறேன், பொய் சொல்ல முடியுமுங்களா? "இப்ப யாரும் தொவைக்கறதில்லீங்க, செடிக்குத் தண்ணி வாக்கற வாளிதான் அதுமேல வைக்கறது"ன்னு சொல்லிட்டேன்.

"உங்க மகன் உங்களை அடிக்கறாராம்மா?"ன்னு நேராவே கேட்டுட்டாங்க.

இவன் எனக்குப் பின்னால பெஞ்சுல உக்காந்திருக்கறான். நான் திரும்பலை. அவன் பாக்கறது முதுகுல சுடுது. "பெத்த அம்மாவை எந்தப் புள்ளையாச்சும் அடிக்குமுங்களா?"ன்னு சொன்னேன்.

அந்தம்மா சொன்னாங்க, "இந்தச் சட்டம் பொண்டாட்டிக்கு மட்டும் இல்லைம்மா. அந்த வீட்டுல இருக்கற அம்மாவுக்கும் உண்டு. நீங்க கேட்டா உங்களுக்கும் பாதுகாப்பு உத்தரவு போட முடியும். எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டாம். பாதுகாப்பு அலுவலர் வெளிய இருக்காங்க, அவங்ககிட்டத் தனியாப் பேசுங்க."

எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாமாட்ட ஆயிப்போச்சு. எனக்கெதுக்குங்க அதெல்லாம்னு சொல்லிட்டு எறங்கிட்டேன். அந்த ஆபீசரம்மா வாசல்ல நின்னு கூப்புட்டாங்க. கேக்காத மாதிரி வந்துட்டேன். மவன் மேல கேஸ் குடுத்தவன்னு பேரு வாங்கீட்டு ஊருக்குள்ள எப்பிடி நடக்கறது?

வெளிய வராண்டாவுல வினோதினி வந்தா. அத்தனை மாசங் கழிச்சுப் பாக்கறேன். சித்தெ சதை போட்டிருக்கறா. கேஸ் போட்டவ திட்டுவான்னு பாத்தா, எங் கையத்தான் புடிச்சுப் பாக்கறா.

"அத்தே, வெரலெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்குது. கட்டு இறுக்கம். இன்னிக்கே போயிப் பிரிச்சுக் கட்டோணும்."

"எனக்குத் தெரியும். நீ உஞ் சோலியப் பாரு"ன்னேன்.

"ஊட்டுக்குப் போகாதீங்க அத்தே. எங்கூட வந்துருங்க. ஹாஸ்டல்ல நான் சொல்லிக்கறேன்."

அப்பத்தான் கண்ணுல தண்ணி வந்துச்சு அவளுக்கு. கை ஒடிஞ்சப்ப வராத தண்ணி. தூரத்துல இவன் நின்னு பாத்துட்டு இருக்கறான். "போடி அக்கட்டால"ன்னு கையை உருவிட்டு வந்துட்டேன். வலி உசுரு போச்சு.

இவன் என்ன பண்ணுவானோன்னு வந்தேன் பாருங்க, ஒண்ணுமே பண்ணலை. கத்தலை. வக்கீல்கிட்டச் சிரிச்சுப் பேசிட்டு இருந்தான். கத்தியிருந்தாக்கூடப் பரவால்லீங்க, எனக்கு அது பழக்கம். எங்கிட்ட வந்து, "போனைக் குடும்மா, உனக்கு இப்ப அது எதுக்கு"ன்னு வாங்கிப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டான். அப்பறம் களத்துக்குப் போன் பண்ணி, எல்லாரும் ஊட்டுக்குப் போங்க, இன்னிக்கு லீவுன்னு சொன்னான். எங்கூட்டுல பாத்தரம் வெளக்கற ராசாமணிக்குப் போன் பண்ணி, இன்னிக்கும் நாளைக்கும் வரவேண்டாம்னு சொன்னான். எல்லாம் எங் காதுபடத்தான் சொன்னான்.

"நீ பஸ்சுல வாம்மா. நான் முன்னால போறேன். ஊட்டுல பேசிக்கலாம்"னு சொல்லிட்டுக் காரை எடுத்துட்டுப் போயிட்டான். அம்மான்னுதான் கூப்புட்டான், மருவாதையாத்தான் சொன்னான்.

நாயம் பேசறதுன்னா ஆளுங்க இல்லாம இருந்தாத்தான் நல்லது. இல்லீங்களா?

ஏன் கண்ணு அப்பிடிப் பாக்கறீங்க?

நீங்க எங்க எறங்கறீங்க? தாராபுரமா. அப்ப அவசரம் ஒண்ணுமில்லைன்னா எங்கூட எறங்கி ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாமுல்ல? அடுத்த வண்டி உடனே வரும். பொடக்காளில கொய்யா மரம் இருக்குது, காய் எல்லாம் இத்தாத்தண்டி. பறிச்சுப் பை நெறையக் குடுக்கறேன். ஆளு யாராச்சும் கூட வந்தா அவனும் நல்லா பேசுவான். ஒறம்பரைன்னா அவனுக்கு அப்பிடி ஒரு மருவாதை. வேண்டாமுங்களா? செரி, உடுங்க. தெரியாத ஊட்டுக்கு எப்பிடி வருவீங்க. நான்தான் கூப்புட்டுட்டே இருக்கறேன்.

எங்க காலத்துல எங்கீங்க இதெல்லாம்? லோகு கைக்கொழந்தையா இருந்தப்ப நானும் ஒரு தரம் எந்திரிச்சு எங்கய்யன் ஊட்டுக்குப் போனேன். இந்த வெரலைப் பாருங்க, கோணலா இருக்குதுல்ல, அப்ப ஆனதுதான். எங்கம்மா மஞ்சப் பத்துப் போட்டா. எங்கய்யன் ஒரு வார்த்தை கேக்கலை. மறுநாள் காத்தால என்னையவும் கொழந்தையவும் கூட்டிட்டு வந்து எங்க ஊட்டுக்காரருகிட்ட உட்டுட்டு, "புத்தி சொல்லியிருக்கறனுங்க மாப்பளே, இனி வரமாட்டா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அன்னிக்கு எங்க ஊட்டுக்காரரும் கத்தலை. சிரிச்ச மொகமா எங்கய்யனுக்கு மோரு குடுத்துத் தாட்டிவிட்டாரு. எங்கய்யன் அந்த முக்குத் திரும்பற வரைக்கும் வாசல்லயே நின்னு பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் உள்ள வந்து கதவைச் சாத்துனாரு.

அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. இன்னிக்கு எதுக்கோ வாய் சொல்லுது.

இவன் அப்ப தொட்டல்ல கெடந்தான். கொழந்தைக்கு என்ன தெரியும்னு நெனச்சேன்.

எந்த ஊரு வந்திருக்குதுங்க? அதுக்குள்ளயா. வண்டி வெசையா வந்துருச்சு. கண்டக்டரு பிரிவு பிரிவுன்னு கத்தறாரு. எந்திரிக்கோணும். பையை எடுங்க கண்ணு. இல்லை, இருங்க. சித்தெ இருங்க.

அந்த பேக்கரி முன்னால நிக்கறது வெள்ளைக் காருங்களா? எனக்குத் தூரப் பார்வை செரியா இல்லை. கதவு தொறந்திருக்குதா? பக்கத்துல ஒரு ஆளு நிக்குதுங்களா, நீலச் சட்டை? அவன்தான். எம்பட பையன்தான். என்னையக் கூட்டிட்டுப் போறதுக்கு வந்திருக்கறான்.

அவன் ஒரு நாளும் வந்ததில்லீங்க. மழை பேஞ்சாலும் நான் நடந்துதான் போவேன்.

கண்டக்டருகிட்டச் சொல்லுங்க கண்ணு, ஆளு எறங்கலைன்னு. வெளிய கேக்கற மாதிரிச் சொல்லாதீங்க, கிட்டக் கூப்புட்டுச் சொல்லுங்க. தாராபுரத்துக்கு டிக்கெட்டு வாங்கிக்கறேன்னு சொல்லுங்க. எம்மேல சித்தெ சாஞ்சு உக்காருங்க. இன்னும் முன்னால வாங்க. அவன் சன்னல் சன்னலாப் பாத்துட்டு வர்றான். நான் குனிஞ்சுக்கறேன்.

போறானுங்களா?

முன்னால போயிட்டானா. உள்ள ஏறுனானுங்களா? ஏறலையே? செரி. செரி. விசில் குடுத்துட்டாங்க. போலாம் போலாம்.

கையை உடாதீங்க கண்ணு. அந்தக் கையில்லை, இந்தக் கை.

திரும்பிப் பாக்காதீங்க. அந்தக் கண்ணாடில பாத்துச் சொல்லுங்க, டிரைவருக்கு மேல இருக்குதுல்ல, அதுல. பின்னால வெள்ளைக் காரு வருதுங்களா?

வருதா.

நெசமாவா? நீலச் சட்டைதானுங்களா?

செரி. நான் சொல்றதைக் கேளுங்க. தாராபுரத்துல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போக வேண்டாம். போலீஸ் ஸ்டேசன் ரோட்டு மேலயே இருக்குதுங்களா? அங்கயே நிறுத்தச் சொல்லிக் கேக்கலாமுங்களா? பொம்பள போலீஸ் இருப்பாங்களா இந்நேரத்துக்கு? நீங்க கூட எறங்க வேண்டாம். நீங்க வாசல் வரைக்கும் மட்டும் பாத்துட்டே இருங்க. நான் உள்ள போயிச் சொல்லிக்கறேன். கல்லுல உழுகலைன்னு சொல்லோணும். அது ஒண்ணு சொன்னாப் போதுமுங்களா கண்ணு, இல்லை, எல்லாத்தையுஞ் சொல்லோணுமுங்களா?